கரிசல் மண்ணும் காப்பீட்டுப் பத்திரமும்

கோடைக் காலத்தில் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் வட்டாரத்திலோ, அரியலூரைச் சுற்றியுள்ள ஊர்களிலோ சற்றே நடந்து பாருங்கள். பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்து முடிந்த கரிசல் வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் கையையே நுழைத்துவிடலாம். ஐப்பசி மழை பெய்ததும் அதே நிலம் வெடிப்புகளை மூடிக்கொண்டு பொங்கி எழும். அந்த நிலத்தின் மேல் நிற்கும் வீடு என்ன ஆகும்? நிலத்தோடு சேர்ந்து அதுவும் எழ வேண்டும், இறங்க வேண்டும். ஆனால் செங்கல்லும் சிமென்டும் வளைந்து கொடுக்கும் பொருள்கள் அல்ல. ஆகவே சுவர் வெடிக்கிறது. கதவு நிலைக்கு மேலே மூலைவாட்டில் ஓடும் கோட்டை இப்பகுதி மக்கள் நன்கு அறிவார்கள்.

பேரிடர் என்றதும் நம் நினைவுக்கு வருபவை 2011-ஆம் ஆண்டின் தானே புயல், 2015-இல் சென்னையை மூழ்கடித்த வெள்ளம், 2018-ஆம் ஆண்டின் கஜா புயல் ஆகியவையே. இவை ஒவ்வொன்றுக்குப் பின்னும் “வீட்டை இன்சூரன்ஸ் செய்து வையுங்கள்” என்ற அறிவுரை எங்கும் கேட்கிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் அது எந்த மண்ணுக்கு, எந்த அளவுக்குப் பொருந்தும்? ஒரு நூலை மதிப்பிடுவதுபோல் ஒரு காப்பீட்டுப் பத்திரத்தையே எடுத்துக்கொண்டு, அதைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மண்மேல் வைத்துப் படித்துப் பார்ப்போமா?

பத்திரத்தின் நிறைகள்

நாம் எடுத்துக்கொள்வது ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பாலிசி. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த மாதிரிப் பத்திரம் இது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தீக்காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் யாவும் இதனை வழங்க வேண்டும். எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றே.

முந்தைய பத்திரங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. தீ, வெடி விபத்து, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு ஆகிய யாவும் ஒரே பத்திரத்தில் அடங்குகின்றன. கட்டடத்தைக் காப்பீடு செய்தால், அத்தொகையில் 20 சதவீதம் வரை (உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய்) வீட்டுச் சாமான்களுக்கும் காப்பு தானாகவே கிடைக்கிறது. நகைகளுக்கு மட்டும் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

மற்றொரு நிறையும் உண்டு. முன்பெல்லாம், 10 லட்சம் பெறுமான வீட்டை 5 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தவருக்கு 4 லட்சம் சேதமானால் 2 லட்சமே கிடைக்கும். பாதி மதிப்புக்குத்தானே காப்பீடு, ஆகவே பாதிச் சேதமே தருவோம் என்பது அக்காலக் கணக்கு. புதிய பத்திரம் இந்தக் கழிவை நீக்கிவிட்டது. காப்புத் தொகையைக் கணக்கிடும்போது மனையின் விலையைச் சேர்க்க வேண்டியதில்லை என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். புயல் வீட்டைத்தான் கொண்டுபோகும். மனை அங்கேயே கிடக்கும். எனவே மீண்டும் கட்ட ஆகும் செலவே கணக்கு.

மண்ணின் கதை

இனி மண்ணைப் பார்ப்போம். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இப்பகுதி கடலின் அடியில் இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம் அக்காலத்து எச்சம். கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்தான் அரியலூரைச் சிமென்ட் ஆலைகளின் ஊராக ஆக்கியது. சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து படிந்த களிமண் அடுக்குகளும் இங்கு ஏராளம். கரிசல் இவற்றின் மீது உருவான மண்.

கரிசலில் ‘மான்ட்மோரில்லோனைட்’ என்னும் களிமண் கனிமம் மிகுதி. அடுக்கி வைத்த அப்பளங்களை எண்ணிக்கொள்ளுங்கள். இக்கனிமத்தின் துகள்களும் அத்தகைய மெல்லிய அடுக்குகளே. மழை பெய்ததும் நீர் மூலக்கூறுகள் அடுக்குகளுக்கு இடையே புகுந்து அவற்றைத் தள்ளி விலக்குகின்றன, மண் பருக்கிறது. வெயிலில் நீர் வெளியேறியதும் அடுக்குகள் நெருங்குகின்றன. மண் சுருங்கி வெடிக்கிறது. ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் இயக்கம் இது.

எங்கே இடிக்கிறது?

இப்போது பத்திரத்தை மீண்டும் கையில் எடுங்கள். அது ஈடு தருவது எதிர்பாராத நிகழ்ச்சிகளுக்கு. கரிசலின் அசைவோ ஆண்டுதோறும் எதிர்பார்த்தே வருவது. நிலம் உள்வாங்குதலையும் பத்திரம் ஏற்கிறது. ஆனால் உடனே சில விலக்குகளைச் சொல்கிறது. புதுக் கட்டடத்தில் இயல்பாக ஏற்படும் வெடிப்பும் அமிழ்வும், கொட்டி நிரப்பிய மண்ணின் அசைவு, கடலரிப்பு, ஆற்றரிப்பு, குறையுள்ள வடிவமைப்பு அல்லது வேலைப்பாடு, தோண்டும் பணிகளால் வரும் சேதம் ஆகியவற்றுக்கு ஈடு இல்லை.

இவ்விரு மாவட்டங்களில் வீடு கட்டும் ஒருவருக்கு இந்த விலக்குகள் என்ன சொல்கின்றன? கட்டி மூன்றாம் ஆண்டில் சுவர் வெடித்தால், அது இயல்பான வெடிப்பு என்றோ, கடைக்கால் சரியாகப் போடாத குறை என்றோ மறுப்பு வரலாம். பள்ளத்தை மேடாக்கிப் பிரித்து விற்ற மனையில் கட்டியிருந்தால் அது கொட்டிய மண். பக்கத்தில் தோண்டியதால் நிலம் இறங்கியிருந்தால் அது தோண்டும் பணி. அதாவது இங்குள்ள வீட்டுக்கு அதிகமாக நேரக்கூடிய சேதமே பத்திரத்துக்கு வெளியே நிற்கிறது.

ஆற்றரிப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகில் மருதையாற்று வெள்ளம் ரயில் பாதையின் கரையை அரித்துச் சென்றது. தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். வெள்ளமும் அரிப்பும் தனித்தனி நிகழ்ச்சிகளா? ஒன்றின் கைதானே மற்றொன்று! ஆயினும் பத்திரம் அவற்றைப் பிரிக்கிறது. கொள்ளிடக் கரையில் திருமானூர், திருமழபாடி பக்கத்தில் ஒரு வீட்டினுள் வெள்ளம் புகுந்து சுவர் சாய்ந்தால் அது வெள்ளச் சேதம், ஈடு உண்டு. அதே வெள்ளம் கரையைக் கரைத்து, கரையோடு வீடும் சரிந்தால் அதை ஆற்றரிப்பு என்று விலக்க வழியிருக்கிறது. வீட்டை இழந்தவருக்கு இரண்டும் ஒன்றே. பத்திரத்தின் மிகப் பலவீனமான இடம் இதுவே எனலாம்.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஆயிரம் பேர் சிறு தொகை கட்டி, அவர்களில் இடருற்ற ஒரு சிலருக்குக் கொடுப்பதே காப்பீடு. ஆயிரம் வீடுகளில் எது தீப்பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அது நடக்கிறது. கரிசலிலோ ஓர் ஊரின் வீடுகள் யாவும் ஒரே கோடையில் அசைகின்றன. அனைவருக்கும் கொடுக்க வேண்டுமானால் அனைவரிடமும் அந்தச் செலவு முழுவதையும் வசூலிக்க வேண்டிவரும்.

ஆனால் இதற்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் நிலம் உள்வாங்குவதற்கான காப்பை 1971 முதல் வீட்டுப் பாலிசிகளில் சேர்த்தனர். 1976-ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் களிமண் சுருங்கி, ஏராளமானோர் ஈடு கேட்டு வந்தனர். செலவு ஏறியது, காப்பு ஒழியவில்லை. பிரான்சில் 1982-இல் இயற்கைப் பேரிடர்ச் சட்டம் வந்தது. ஒவ்வொரு சொத்துப் பாலிசியிலும் ஒரு கூடுதல் கட்டணம் வசூலித்து, அரசின் உத்தரவாதத்தோடு ஈடு தருகிறார்கள். வறட்சியில் களிமண் சுருங்குவதால் வீடுகள் வெடிப்பதும் அங்கே பேரிடராக ஏற்கப்படுகிறது. களிமண்மேல் இல்லாதவரும் அங்கே உண்டு. ஆனால் அவர் கட்டும் சிறு தொகை களிமண்மேல் இருப்பவரைக் காக்கிறது. நாடு முழுவதும் பங்கிட்டால் தாங்கக்கூடிய சுமை, ஒரு வட்டாரத்தின் தலையில் மட்டும் வைத்தால் தாங்காது. இந்தப் பாடத்தை நம் பத்திரத்தை வகுத்தவர்கள் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

பத்திரம் காக்காததை நாம் காப்போம்

அதுவரை என்ன செய்வது? பத்திரத்தின் விலக்குப் பட்டியலையே வீடு கட்டும் திட்டமாக ஆக்கிக்கொள்ளலாம்.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். இது பள்ளி ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய எளிய சோதனை. உலர்த்திப் பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இருமுறை நிறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு 100 மில்லிலிட்டர் அளவு உருளைகளில் ஒன்றில் வாலை வடிநீரும், மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி மண்ணை இடுங்கள். அருகில் தீ இருக்கக்கூடாது. 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். மண்ணெண்ணெயில் களிமண் பருப்பதில்லை, நீரில் பருக்கும். மண்ணெண்ணெயில் 10 மில்லிலிட்டர், நீரில் 16 மில்லிலிட்டர் என்றால் மண் 60 சதவீதம் பருக்கிறது என்று பொருள். 50 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரணக் கடைக்கால் உதவாது. உடனே ஒரு பொறியாளரைக் கலந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது கடைக்கால். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு. துளையிட்டு இறக்கும் கான்கிரீட் தூணின் அடிப்பகுதியை, தூணின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு அகலமுள்ள குமிழாக விரிக்கிறார்கள். ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் ஈரம் கோடைக்கும் மழைக்கும் அதிகம் மாறுவதில்லை. குமிழ் அங்கே நங்கூரம்போல் பற்றிக்கொள்ள, மேல்மண் எழுந்தாலும் இறங்கினாலும் வீடு அசையாது. தூண்களின் மேல் ஓடும் உத்தரத்துக்கும் தரைக்கும் இடையே சிறு இடைவெளி விடுவதும் இம்முறையில் அவசியம்; பொங்கும் மண் உத்தரத்தை நெம்பாமலிருக்கவே இந்த ஏற்பாடு.

மூன்றாவது ஈரம். வீட்டைச் சுற்றிலும் வெளிப்புறம் சாய்ந்த சிமென்ட் தளம் போட்டு மழைநீரைச் சுவரடியிலிருந்து விலக்குங்கள். கசியும் குழாயை உடனே சரிசெய்யுங்கள். நீரை உறிஞ்சும் பெரிய மரங்களைச் சுவரருகில் வைக்காதீர்கள்.

நான்காவது சான்று. வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். துண்டு உடைந்தால் வெடிப்பு இன்னும் நகர்கிறது என்று அறியலாம். வீட்டின் நிழற்படங்களையும் பாலிசிப் பிரதியையும் வேறு ஓர் ஊரில் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். சேதம் நேர்ந்தால், அது வீடு கட்டிய குறையா, புயலும் வெள்ளமும் செய்ததா என்பதற்கு இவையே சாட்சி.

இவற்றைச் செய்துவிட்டுப் பாலிசி எடுங்கள். வாங்கும் முன் விலக்குகள் அச்சான பக்கத்தை முதலில் படியுங்கள். புரியாத வரியைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இந்தக் கேள்வி இன்று அவசரமானது. 2030-க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்ற இலக்கோடு, 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. ஒவ்வொரு வீடும் 360 சதுர அடி. தீக்கும் காற்றுக்கும் அஞ்சி வாழ்ந்த குடும்பங்களுக்கு இது பெரும் விடுதலை. ஆனால் மண்சுவரும் ஓலைக்கூரையும் கரிசலின் அசைவுக்கு இசைந்து கொடுத்தன. விரிந்த இடத்தை ஒரு கூடைச் சேற்றால் பூசிவிடலாம். கான்கிரீட் அப்படி இசையாது. கடைக்காலுக்கு முன் மண் சோதனை நடக்காவிட்டால், ஒரு குடும்பம் வாழ்நாளில் ஒருமுறை பெறும் வீடு சில கோடைகளிலேயே பிளக்கும். எந்தப் பாலிசியும் அதற்கு ஈடு தராது. இரண்டு கண்ணாடி உருளைகளும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும். உங்கள் தெருவில் புது வீட்டுக்குக் கோடு போடும் முன், பள்ளி மாணவர்களே இந்தச் சோதனையைச் செய்து காட்டலாமே!