லோக்பைலட் 5: குட்டி ரயில் ஊர்ந்து போகுமா?

சேரங்கோட்டில் ரயில் பாதை கிடையாது. பந்தலூர் வட்டத்தில், டேன்டீ தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்களுக்கு ரயில் என்றால் ஒரு பக்கம் ஊட்டி, மறுபக்கம் கேரளத்து நிலம்பூர். மேஜை மேல் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் விரித்து, 1:87 அளவு மாடல் ரயில் ஓட்டுவதுதான் வீட்டோடு கிடைக்கும் வழி. ஆனால் கல்லாறு தாண்டி, 12.5 அடிக்கு 1 அடி ஏற்றத்தில் பல்சக்கரம் பிடித்து ஏறும் எக்ஸ் கிளாஸ் இன்ஜினைப் பார்த்த கண்ணுக்கு, நின்ற இடத்திலிருந்து வெடுக்கென்று பாயும் மாடல் இன்ஜின் பிடிக்காது.

பழைய முறையில் வேகம் என்பது தண்டவாளத்து வோல்ட்தான். குறைத்தால் மோட்டார் நகராது, கொஞ்சம் கூட்டினால் தாவும். டிசிசி எனும் டிஜிட்டல் கட்டளை முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அதன் துருவம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். அரைத் துடிப்பு 58 மைக்ரோசெகண்ட் என்றால் 1, 100 என்றால் 0. இப்படி வரும் கட்டளையில் தன் எண் இருந்தால் மட்டும் இன்ஜினுக்குள் உள்ள டிகோடர் என்ற சிறு சர்க்யூட் மோட்டாரை இயக்கும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வகுத்த முறை இது. அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ இதைத் தரமாக்கியதால், ஒரு கம்பெனி டிகோடர் இன்னொரு கம்பெனி கன்ட்ரோலரிலும் ஓடும்.

நான் பொருத்தியது ஈஎஸ்யு நிறுவனத்தின் லோக்பைலட் 5 டிகோடர். இன்ஜின், சாக்கெட் இல்லாத பழைய டீசல். சாக்கெட் இருந்தால் 8 பின் பிளக்கைச் சொருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இல்லையென்றால் பாடு முழுக்க மோட்டாரில்தான். பழைய மாடல்களில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். சட்டத்திலோ தண்டவாள மின்சாரம் ஓடும். அந்தத் தொடர்பை அடியோடு வெட்ட வேண்டும். மோட்டார் முனைக்கும் சக்கரத்துக்கும் இடையே மல்டிமீட்டர் பீப் அடிக்கிறது என்றால், டிகோடர் புகைவது நிச்சயம். பீப் நிற்கும்வரை சால்டரிங் அயர்னைத் தொடாதீர்கள்.

ஒயர் நிறங்களும் தரப்படிதான்: சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவான பாசிட்டிவ். எல்இடி போட்டால் ரெசிஸ்டர் அவசியம்.

கன்ட்ரோலருக்குப் பெரிய செலவு வேண்டாம். ஆர்டுயினோ மெகா, மோட்டார் ஷீல்டு, டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். வைஃபை சிப் ஒன்றைச் சேர்த்தால், ஃபோனில் இன்ஜின் டிரைவர் ஆப் வழியாகவே ஓட்டலாம். முதல் வேலையாக இன்ஜினைப் புரோகிராமிங் தண்டவாளத்தில் வைத்து, சிவி எனப்படும் டிகோடர் அமைப்பு எண்களில் 8-ஐப் படியுங்கள். 151 என்று வந்தால், அது ஈஎஸ்யுவின் எண். மோட்டார் ஒயரும் சரியாக இருக்கிறது என்று பொருள். டிகோடர் பதில் சொல்வதே மோட்டாரை ஒரு கணம் உதறித்தான்.

இந்த டிகோடரில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் தானியங்கி டியூனிங். சிவி 54-ல் 0 எழுதி, கன்ட்ரோலரில் எஃப்1 பொத்தானை அழுத்தினால், இன்ஜின் ஒன்றரை நொடி போல முழு வேகத்தில் ஓடி, தன் மோட்டாரின் குணத்தைத் தானே அளந்துகொள்ளும். மேஜை விளிம்பில் வைத்து அழுத்திவிடாதீர்கள்! அதன்பின், 128 வேகப் படிகளில் முதல் படியிலேயே இன்ஜின் நகரத் தொடங்கியது. சக்கரம் சுற்றுவதை நின்று பார்க்கலாம், அவ்வளவு மெதுவாக.

ஆனால் எங்கள் ஊர் மழைக்காலம் வேறு கணக்கு. ஈரத்தில் தண்டவாளம் கறுக்கும். பழைய முறையில் ஒரு கணம் மின்சாரம் அறுந்தால் இன்ஜின் லேசாகத் தயங்கும், அவ்வளவுதான். டிகோடரோ அணைந்து, மறுபடி முதலிலிருந்து விழிக்கும். ஊர்ந்து போகும்போதுதான் இது அதிகம். எதற்காக வாங்கினோமோ அதிலேயே கை வைக்கிறது. அந்தக் கண நேர இடைவெளியில் மின்சாரம் தரும் பவர்பேக் கப்பாசிட்டரைச் சேர்த்த பிறகுதான் ஓட்டம் சீரானது. தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு குடியேறும்.

சாக்கெட் உள்ள இன்ஜின் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பழைய இன்ஜினென்றால், உள்ளே பவர்பேக்குக்கும் இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். ஒலி எழுப்பும் டிகோடருக்கு ஆசைப்படும் மலைநாட்டுக்காரர்களே, அந்தப் பணத்தில் பவர்பேக் வாங்குங்கள்.