குடியேற்ற ஆராய்ச்சியிற் குடியானவர்

இலங்கையின் வரண்ட வலயக் குடியேற்றங்களைப் பற்றி பி. எச். ஃபார்மர் 1957 இல் வெளியிட்ட ஆங்கில நூல், நிலம், நீர், நோய், சட்டம் ஆகியவற்றை ஒருங்கே நோக்கிய பெருநூலாகும். எனினும், எடுத்த பொருள் அரசின் குடியேற்றமாதலின், அங்கு அரசே வினைமுதலாகவும் குடியானவர் செயப்படுபொருளாகவும் அமைகின்றனர். 1963 இல் பொலி ஹில் அம்மையாரின் ஆராய்ச்சி இதற்கு மாறான திசையிற் சென்றது. தென் கானாவின் கொக்கோச் செய்கையாளர் பலர், அரசுத் திட்டம் எதுவுமின்றித் தம் பணத்தாலேயே காடு வாங்கிக் குடிபெயர்ந்தோர் என அது நிறுவிற்று.

2009 இல் போர் முடிந்தபின் மக்கள் மீளக் குடியேறிய வன்னிக்கும் அந்நோக்கே வேண்டற்பாலது. இரணைமடு நீர் பாயும் வயல்களின் ஏக்கரையும் விளைவையும் எண்ணுவதோடு ஆராய்ச்சி அமைதல் தகாது. உழவர் எம்முதல் கொண்டு, எவரிடம் கடன்பட்டு, எவர் உழைப்பால் நிலத்தை மீளத் திருத்தினர் என்பதை அவர் வாயிலாகவே கேட்டறிதல் வேண்டும். அஃதின்றி வகுக்கப்படும் அபிவிருத்தித் திட்டம், குளத்தை அறியுமேயன்றி உழவரை அறியாது.