வெயிலிலும் மழையிலும் நிற்கும் பொன்: பொன் வேயும் மரபுகளும் தர அளவுகளும்

கோபுரக் கலசம், விமானம், கொடிமரம், பௌத்தத் தூபி, தேவாலயச் சிலுவை என வெட்டவெளியில் நிற்கும் சமயச் சின்னங்களுக்குப் பொன் வேயும் வழக்கம் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது. கூரைக்குள் இருக்கும் படத்துக்கோ மரச் சிற்பத்துக்கோ பொன் ஒட்டுவதும் இதுவும் ஒரே தொழில் அல்ல. தஞ்சாவூர் ஓவியத்தில் சுக்கான் பூச்சின்மேல் ஒட்டிய தங்க ரேக் (அடித்து மெலிதாக்கிய பொன்னிதழ்), கண்ணாடிச் சட்டத்துக்குள் தலைமுறைகள் தாண்டியும் மின்னும். அதே ரேக்கை அதே பசையால் கலசத்தில் ஒட்டினால் ஒரு மழைக்காலம் தாங்காது.

தங்கம் துருப்பிடிப்பதில்லை, வெயிலால் வெளுப்பதும் இல்லை. பொன் வேய்ந்த சிகரம் கறுத்தாலோ உரிந்தாலோ பழுது வேறிடத்தில் இருக்கும். அடியிலுள்ள செம்பு களிம்பேறியிருக்கலாம்; தங்கத்தோடு கலந்த வெள்ளியோ செம்போ கறுத்திருக்கலாம்; பெரும்பாலும், தங்கத்தையும் அடித்தளத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பொருள் கெட்டுப் போயிருக்கும். ஆகவே மரபுகளை வகைப்படுத்தச் சரியான அளவுகோல் இந்தப் பிடிப்புதான். தகட்டை மடித்து ஆணியால் இறுக்குவது ஒரு மரபு. பாதரசத்தால் இணைப்பது இன்னொன்று. மரப்பால் அரக்கில் ரேக் ஒட்டுவது மூன்றாவது. எண்ணெய்ப் பூச்சில் ரேக் ஒட்டுவது நான்காவது. மின்முலாம் இவற்றுக்குப் பின் வந்தது.

தென்னகத்தின் தகட்டு மரபு

தமிழகக் கோயில்களின் பழைய மரபு தகடு வேய்தல். தில்லைச் சிற்றம்பலத்துக்கு முதலாம் பராந்தக சோழன் பொன் வேய்ந்ததைச் சோழர் செப்பேடுகள் போற்றுகின்றன. அந்தக் கூரையின் பொன்னோடுகள் 21,600, அவற்றை இறுக்கும் ஆணிகள் 72,000 என்பது தில்லை மரபு. முதல் எண் மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுக்கும், அடுத்தது உடலின் நாடிகளுக்கும் உரியதாகச் சொல்லப்படும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-இல், விமான உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்தான். அதன் நிறை 3,083 பலம் என்றும், அதன்மேல் போர்த்திய பொன்தகடு 2,926½ கழஞ்சு என்றும் கல்வெட்டு தனித்தனியே கணக்குச் சொல்கிறது. கழஞ்சு ஒன்றுக்கு 5 கிராம் என்று கொண்டால் தங்கம் மட்டும் 14 கிலோவுக்கு மேல். அடி உலோகமும் மேல் உலோகமும் தனித்தனியே நிறுத்துப் பதியப்பட்டிருப்பது இம்மரபின் ஒழுங்கைக் காட்டுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் சுந்தர பாண்டியன் திருவரங்கத்துக்குப் பொன் வேய்ந்து, அதையே தன் சிறப்புப் பெயராகச் சூடிக்கொண்டான். திருமலையில் ஆனந்த நிலைய விமானத்துக்கு 1518-இல் கிருஷ்ணதேவராயர் பொன் வேய்ந்தார். நம் காலத்தில், 2007-இல் திறக்கப்பட்ட வேலூர் ஸ்ரீபுரம் பொற்கோயில், செப்புத் தகடுகளில் வேலைப்பாடு செய்து அவற்றின்மேல் தங்கத் தகடுகளை அடுக்கடுக்காகப் பதித்து எழுப்பப்பட்டது. அதற்குச் சுமார் 1,500 கிலோ தங்கம் ஆனது.

தகட்டு முறையில் பசைக்கு இடமில்லை. எனவே பசை காய்ந்து உரியும் சிக்கலும் இல்லை. திருப்பணியின்போது தகட்டைக் கழற்றி, நிறுத்து, உருக்கி மறுபடியும் வேயலாம். தங்கம் பெருமளவில் செலவாவதும், தகட்டு மடிப்புக்குள் மழைநீர் இறங்கினால் உள்ளே நடப்பது வெளியே தெரியாமல் போவதும் இதன் குறைகள். செம்பின்மேல் இரும்பாணி அடித்தால் ஈரத்தில் இரும்பு விரைவில் அரித்துவிடும்; அதனால் ஆணியும் செம்பாகவே இருக்க வேண்டும்.

பாதரச மரபு

தங்கம் பாதரசத்தில் கரைந்து வெண்ணெய் போன்ற கலவையாகும். துலக்கிய செம்பில் அதைத் தடவிச் சூடேற்றினால் 357 டிகிரி செல்சியசில் கொதிக்கும் பாதரசம் ஆவியாகிப் போகும்; தங்கம் செம்போடு உலோகத்துக்கு உலோகமாக ஒன்றிவிடும். முதலில் மங்கலான மஞ்சளாகத் தெரியும் அந்தப் பரப்பை வழுவழுப்பான கல்லால் தேய்த்தால் ஒளி வரும். பிடிப்பின் உறுதியில் இதற்கு நிகரான பழைய முறை இல்லை.

நேபாளத்தின் லலித்பூரில் நேவார் கைவினைஞர்கள் இக்கலையில் பெயர்பெற்றவர்கள். காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் பெருந்தூபிகளுக்குப் பொன் புதுப்பிக்கும் பணி இன்றும் நடக்கிறது. சுயம்புநாத் தூபியில் 2008 முதல் 2010 வரை நடந்த பணிக்குச் சுமார் 20 கிலோ தங்கம் ஆனது. 2015 நிலநடுக்கத்தில் உச்சி சேதமடைந்த பௌத்தநாத் தூபி, 30 கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தோடு 2016-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

அமிர்தசரஸ் பொற்கோயிலின் முறை ரேக்கையும் பாதரசத்தையும் சேர்த்தது. மகாராஜா ரஞ்சித் சிங் 1830-இல் செய்வித்த பொன்வேலையில், பாதரசம் தடவிய செப்புத் தகட்டின்மேல் ரேக்கை வைத்துச் சூடேற்றி, அதன்மேல் மறுபடி ரேக் வைத்து அடுக்கு ஏற்றினார்கள். 1990-களில் பர்மிங்ஹாமின் குரு நானக் நிஷ்காம் சேவக் ஜத்தா செய்த புதுப்பிப்பிலும் இந்த முறையே கையாளப்பட்டது. அடுக்குகளின் எண்ணிக்கை மட்டும் முன்னைவிட உயர்த்தப்பட்டது.

இம்மரபின் குறை மனித உயிர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் புனித ஐசக் பேராலயக் குவிமாடத்துக்கு 1838 முதல் 1841 வரை பாதரச முறையில் சுமார் 100 கிலோ தங்கம் பூசப்பட்டது. அந்த ஆவியால் 60 தொழிலாளர்கள் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் நேபாளமும் கையெழுத்திட்டுள்ளன. ஆவியை முழுமையாகப் பிடித்து மீட்கும் ஏற்பாடு இல்லாத பட்டறையில் இந்த வேலையைச் செய்விப்பது இன்று ஏற்கத்தக்கதல்ல.

மரப்பால் அரக்கு மரபு

பர்மாவிலும் ஜப்பானிலும் ரேக்கைப் பிடித்து நிறுத்துவது அரக்கு மரங்களிலிருந்து வடியும் பால். பர்மாவில் அதன் பெயர் திட்சி, ஜப்பானில் உருஷி. காய்ந்தபின் நீரோ அமிலமோ எளிதில் ஊடுருவாத கெட்டியான படலமாக அது இறுகும்.

ரேக் அடிப்பதில் மாண்டலே நகரத்துத் தட்டறைகள் புகழ்பெற்றவை. தங்க நாடாவைத் துண்டுகளாக்கி, மூங்கில் தாள்களுக்கு இடையே அடுக்கி, மான்தோலில் பொதிந்து, கல்லின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். விரிந்த துண்டுகளை மேலும் வெட்டி மறுபடி அடிப்பார்கள். கடைசி அடி மட்டும் சில மணி நேரம் நீளும். அடுத்த கட்டத்துக்கான நேரத்தைச் சொல்வது, தொட்டி நீரில் மிதக்கவிட்ட துளையிட்ட தேங்காய்ச் சிரட்டை; அது இத்தனை தடவை மூழ்கினால் ஒரு கட்டம் முடிந்தது என்பது கணக்கு. அடித்த ரேக்கைத் தாளுக்கு மாற்றும் பெண்கள் காற்றுப் புகாத அறையில் உட்கார்ந்து வேலை செய்வார்கள். மூச்சுக்காற்றுப் பட்டாலே ரேக் பறந்துவிடும்.

யாங்கோனில் சுமார் 99 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஷ்வேடகோன் தூபியில் இரண்டு முறைகளும் உண்டு. கைக்கு எளிதில் எட்டாத மேற்பகுதிக்குப் பொன்தகடு. சாரம் கட்டிச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கக்கூடிய கீழ்ப்பகுதிக்கு ரேக். உயரத்தையும் பராமரிப்பையும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கியாய்க்தியோ மலையின் பொற்பாறையில் ஆண் பக்தர்கள் தங்கள் கையாலேயே ரேக் ஒட்டுகிறார்கள். அங்கே உதிர்வது ஒரு குறையாவதில்லை; மழை உதிர்த்ததை அடுத்த பக்தர் நிரப்பிவிடுகிறார்.

ஜப்பானின் பொன்ரேக் அநேகமாக முழுவதும் கானசாவா நகரில் உற்பத்தியாகிறது. கியோட்டோவின் கின்காகுஜி இத்தொழிலுக்கே பாடமான கட்டடம். 1950-இல் எரிந்த அந்தப் பொன்மண்டபம் 1955-இல் திரும்பக் கட்டப்பட்டபோது, வழக்கமான 0.1 மைக்ரான் ரேக் ஒட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது உரியத் தொடங்கியது. தங்கம் கெட்டதால் அல்ல. அவ்வளவு மெல்லிய ரேக்கை ஊடுருவிய புற ஊதாக் கதிர் அடியிலிருந்த உருஷியைச் சிதைத்துவிட்டது. 1987-இல் முடிந்த மறுபணியில் ஐந்து மடங்கு கனமான 0.5 மைக்ரான் ரேக் 2 லட்சம் தாள்களுக்கு மேல் ஒட்டப்பட்டது. தங்கம் சுமார் 20 கிலோ. அரக்கின் உறுதியை நம்பினால் போதாது, அரக்குக்கு நிழல் தரும் கனம் ரேக்குக்கும் வேண்டும் என்பதை அந்த அனுபவம் நிறுவியது.

எண்ணெய் மரபு

ஐரோப்பியத் தேவாலயக் குவிமாடங்களிலும் சிலுவைகளிலும் பரவலானது எண்ணெய்ப் பிடிப்பு. பாரிசின் இன்வாலிட் தேவாலயக் குவிமாடத்துக்கு 1989-இல் சுமார் 12 கிலோ ரேக் இம்முறையில் ஒட்டப்பட்டது. தங்கத்தின் செலவு குறைவு, சூடேற்றும் வேலை இல்லை, சின்னத்தைக் கழற்றாமல் மேலேயே செய்யலாம் என்பதால் இன்று உலகெங்கும் இம்முறை கையாளப்படுகிறது.

வேலை அடியிலிருந்து தொடங்குகிறது. உலோகத்தின் பழைய பூச்சையும் களிம்பையும் முழுக்க நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் கழுவி, உலோகத்துக்கேற்ற பிரைமர் அடிக்க வேண்டும். அதன்மேல் மஞ்சள் வண்ணப் பூச்சு. அது இருந்தால், ரேக்கில் எங்காவது பொத்தல் விழுந்தாலும் கண்ணுக்கு உறுத்தாது. பிறகு ஆளி விதை எண்ணெயால் செய்த ஒட்டுப்பூச்சை மிக மெல்லியதாக, தூரிகைத் தடம் தெரியாமல் இழுக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் பதத்துக்கு வருவது ஒரு வகை, பன்னிரண்டு மணி நேரத்தில் வருவது இன்னொரு வகை. மெதுவாகக் காய்வது நெடுநேரம் பதத்திலேயே நிற்கும். பெரிய பரப்புக்கு ஏற்றது அதுவே.

தொழிலின் சூட்சுமம் பதம் பார்ப்பதில் இருக்கிறது. மடித்த விரல்கணுவைப் பூச்சின்மேல் வைத்தெடுத்தால் ஈரம் ஒட்டக்கூடாது. ஆனால் எடுக்கும்போது மெல்லிய பிடிப்பும் ‘டிக்’ என்ற ஒலியும் இருக்க வேண்டும். பதத்துக்கு முன்பே வைத்த ரேக் எண்ணெயில் மூழ்கி மங்கும்; பதம் கடந்தபின் வைத்தது ஒட்டாமல் உதிரும். சாரத்தின்மேல் காற்று அடிக்குமாதலால் தனி ரேக்குக்குப் பதில், மெல்லிய தாளோடு அழுத்திய ரேக்கையே பயன்படுத்துவார்கள். கீழிருந்து மேலாக ஒட்டிச் செல்வது முறை; மேல் ரேக்கின் விளிம்பு கீழ் ரேக்கின்மேல் படிந்தால்தான், வழியும் மழைநீர் மடிப்புக்குள் நுழையாது. ஒட்டி முடிந்ததும் பஞ்சால் மெல்ல நீவி, பொத்தல் விழுந்த இடங்களைத் துண்டு ரேக்கால் நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது.

மின்முலாம்

இப்போது பல கோயில்களில் கலசத்தைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் மின்முலாம் பூசுகிறார்கள். சிறிய உருப்படிகளுக்கு இது சீரான வழி. முலாம் மெல்லியதாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வழியே ஈரம் இறங்கிச் செம்பு களிம்பேறும். செம்பும் மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் பரவிக் கறுக்கச் செய்யும். இடையில் நிக்கல் பூச்சு கொடுப்பது இதைத் தடுக்கும். மாஸ்கோவில் 1990-களில் திரும்பக் கட்டப்பட்ட மீட்பர் கிறிஸ்து பேராலயக் குவிமாடங்களில் டைட்டானியம் நைட்ரைடு பூச்சின்மேல் பொன் சேர்த்திருப்பது, அடித்தளத்தை வலுப்படுத்தும் இன்னொரு புதிய முயற்சி.

தர அளவுகள்

எம்மரபானாலும் வெளிவேலையின் தரத்தை ஐந்து அளவுகளால் நிறுக்கலாம்.

முதலாவது மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை. ரேக்குக்கு 23 காரட்டுக்குக் குறையாத தங்கம் நல்லது. மாற்றுக் குறையக் குறைய அதிலுள்ள வெள்ளியும் செம்பும் நகரக் காற்றில் கறுக்கும். தங்க நிறத்தில் விற்கும் பித்தளை ரேக் வெளியே நிற்கவே நிற்காது.

இரண்டாவது கனம். 0.1 மைக்ரான் ரேக்கில் ஒரு கிராம் தங்கம் சுமார் அரைச் சதுர மீட்டரை மூடும். எந்தக் கலசத்துக்கும் பரப்பை அளந்து, மடிப்புக்கும் சேதத்துக்கும் கூட்டி, எத்தனை கிராம் தேவை என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கணக்குக்கு மிக மேலே கேட்டாலும் மிகக் கீழே சொன்னாலும் காரணம் கேட்க வேண்டும்.

மூன்றாவது அடித்தளம்: பழுதில்லாத செம்பு, ஓட்டையில்லாத பற்றவைப்பு, செம்பாணி.

நான்காவது பருவம். பனி ஈரம் உலர்ந்தபின், தூசிக்காற்று இல்லாத நேரத்தில் ரேக் வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவசர அவசரமாக முடித்த வேலையின் குறை மழை முடியும்போது வெளிப்படும். கும்பாபிஷேகத் தேதிக்கேற்ப வேலையை முடுக்குவதைவிட, வேலைக்கேற்பத் தேதி குறிப்பதே விவேகம்.

ஐந்தாவது மேற்பூச்சு. நல்ல தங்கத்துக்கு மேலே வார்னிஷ் தேவையில்லை. வெயிலில் வார்னிஷ் தங்கத்துக்கு முன்பே மஞ்சளித்து உரிந்து, தன்னோடு ரேக்கையும் இழுத்துக்கொண்டு போகும்.

பராமரிப்பு

பொன் வேய்ந்த பரப்பைத் துலக்கக் கூடாது, கழுவ வேண்டும். பித்தளைக்குப் போடும் பாலிஷ், புளி, சாம்பல் எல்லாம் ரேக்கை ஓரிரு தடவையிலேயே தேய்த்து எடுத்துவிடும். அமிர்தசரஸில் பூந்திக்கொட்டை வேகவைத்த நீரும் எலுமிச்சைச் சாறும் கொண்டு ஆண்டுதோறும் கழுவுகிறார்கள். அங்கே தங்கம் செம்போடு ஒன்றியிருப்பதால் இது தாங்கும். எண்ணெயில் ஒட்டிய ரேக்குக்கு வெறும் தண்ணீரும் மென்துணியும் போதும். கலசத்தில் மின்விளக்குச் சரம் கட்டுவதும், கம்பி சுற்றுவதும், ஒலிபெருக்கிக் குழாயைச் சாய்த்து வைப்பதும் தவிர்க்க வேண்டியவை; பூச்சில் விழும் கீறல் ஒவ்வொன்றும் ஈரத்துக்கு வழி திறந்துவிடும்.

வெளியே நிற்கும் பொன்னின் ஆயுளை நிர்ணயிப்பது தங்கத்தின் எடையைக் காட்டிலும் அடித்தளத்தின் சுத்தமும் பிடிப்பின் தரமும்தான். எனவே திருப்பணிக் குழுக்கள் எத்தனை கிலோ தங்கம் என்று அறிவிப்பதோடு நிற்கக் கூடாது. கையாண்ட முறை, தங்கத்தின் மாற்று, ரேக்கின் கனம், பரப்பளவு, அடிப்பூச்சின் பெயர், வேலை நடந்த மாதம் ஆகியவற்றை எழுதிக் கோயில் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அடுத்த கும்பாபிஷேகத்துக்குச் சாரம் ஏறும் கைவினைஞருக்கு முதலில் தேவைப்படுவது அந்தப் பதிவேடு.