உயர்த்துதலும் இடைவெளி காண்டலும்: பினாங்கின் காட்டுவழி வாகனச் சீரமைப்பு

பினாங்குத் தீவின் நடுவே நீளும் மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. அக்கல் சிதைந்து உண்டான செம்மண், செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் பெருமழையில் மேலே வழுக்கலாகவும் அடியில் பரல் கலந்த இளக்கமாகவும் மாறிவிடுகிறது. தண்ணீர்மலைப் பகுதியிலுள்ள தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலை உச்சிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் ஏறும் ஜீப் பாதையும், பாலேக் பூலாவின் டுரியான் தோட்டங்களுக்குச் செல்லும் ஒற்றைத்தடச் சிமெண்டுப் பாதைகளும் செங்குத்தானவை, குறுகியவை, பாசி படர்ந்தவை. மண்பாதை ஓட்டத்தை நாடும் ஜார்ஜ் டவுன்வாசிகளோ பாலத்தைக் கடந்து செபராங் பிறையின் செம்பனைத் தோட்டங்களுக்கும் அதற்கப்பால் கெடாவின் மலையோரங்களுக்கும் போகின்றனர். ஆக, இங்குள்ள நான்கு சக்கர இயக்க வாகனம் ஒன்று நகர நெரிசலையும், 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பாலத்தின் கடற்காற்றையும், சேற்றுப் பள்ளங்களையும் ஒரே நாளில் சந்திக்க வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங்குகளை மாற்றி உடலை உயர்த்திப் பெரிய டயர் பூட்டும் வழக்கத்தை இந்த மூன்று கடமைகளையும் சேர்த்து எடைபோட்டால்தான் அதன் தகுதி விளங்கும்.

இவ்வழக்கத்தில் பலராலும் குழப்பிக்கொள்ளப்படுவது தரை இடைவெளி என்னும் கருத்து. முன்னும் பின்னும் ஒரே தண்டாக அமைந்த திட அச்சுகளைக் கொண்ட சுசுகி ஜிம்னி போன்ற வாகனத்தில், தரைக்கு மிக அருகே தொங்குவது அச்சின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் குமிழ், அதாவது இருபுறச் சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் பற்சக்கரப் பேழை. அது ஸ்பிரிங்கிற்குக் கீழே இருப்பதால், ஐம்பது மில்லிமீட்டர் உயர்ந்த ஸ்பிரிங் பூட்டினாலும் சேஸிஸும் உடலும் உயருமே தவிர அந்தக் குமிழ் ஒரு மயிரிழையும் உயராது. அதை உயர்த்தக்கூடியது டயர் மட்டுமே. ஜிம்னியின் 195/80ஆர்15 டயர் ஏறத்தாழ 693 மில்லிமீட்டர் விட்டமுடையது. அதற்குப் பதிலாகப் பலரும் விரும்பும் 235/75ஆர்15 டயரின் விட்டம் சுமார் 733 மில்லிமீட்டர். விட்டத்தில் நாற்பது கூடினால் அச்சுக்கு அடியில் கிடைப்பது அதில் பாதி, இருபது மில்லிமீட்டர்தான். பட்டறையில் செலவிடப்படும் தொகையையும் பாதையில் கிடைக்கும் இந்த இருபது மில்லிமீட்டரையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே.

ஆயினும் உடலை உயர்த்துவது வீண் என்று தள்ளிவிட முடியாது. டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வாகனத்தில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மூன்று மீட்டருக்கு மேல் நீளம் இருப்பதால், செம்பனைத் தோட்டத்து வடிகால் கரைகளைத் தாண்டும்போது முதலில் தட்டுவது அதன் வயிறுதான். வயிற்றுக்கும் தரைக்கும் 220 மில்லிமீட்டர் இருப்பதாகக் கொண்டால், அது தட்டாமல் கடக்கக்கூடிய மேட்டின் கோணம் தோராயக் கணக்கில் பதினாறு பாகை. நாற்பது மில்லிமீட்டர் உயர்த்தினால் அது பத்தொன்பது பாகையாகிறது. தோட்டப் பாதையில் இந்த மூன்று பாகை வேறுபாடு ஒரு நாள் வேலையைக் காப்பாற்றக்கூடியது. குட்டையான ஜிம்னிக்கு இத்தேவை பெரிதும் இல்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

வழக்கத்தின் மிகச் சிறந்த கூறு, கவனமான பட்டறைகளில் நடைபெறும் இடைவெளிச் சோதனை. வாகனம் சமதளத்தில் நிற்கையில் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே கைவிரல்கள் தாராளமாக நுழைவதைப் பார்த்து நிறைவடைவது போதாது. ஒரு சக்கரம் முழுதாக மேலே அழுந்தியும் எதிர்ச்சக்கரம் முழுதாகக் கீழே தொங்கியும் இருக்கும் நிலையில்தான் உண்மை தெரியும். ஆகவே ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அச்சின் ஒரு பக்கத்தை ஜாக்கியால் மேல்தடுப்பு ரப்பரைத் தொடும்வரை உயர்த்தி, ஸ்டீரிங்கை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைவரை மெல்லத் திருப்பி, டயரின் தோள்பகுதி பம்பரின் மூலையையோ, உள் மட்கார்டையோ, பிரேக் குழாயையோ தொடுகிறதா என்று பார்க்கின்றனர். டயரின் விளிம்பில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவைத்தால், உரசும் இடத்தில் வெள்ளைக்கோடு தானே விழுந்துவிடும். உரசல் இருந்தால் மேல்தடுப்பு ரப்பரை நீட்டலாம், ஸ்டீரிங் எல்லைத் திருகைச் சற்றே சரிசெய்யலாம், பிளாஸ்டிக் ஓரத்தை வெட்டலாம். உடலை மேலும் உயர்த்துவது இவற்றுள் கடைசி வழி. வெறும் கண்மதிப்பில் நடக்கும் ஒரு வேலையை அளவைக்குள் கொண்டுவரும் இச்சோதனை பாராட்டத்தக்கது. அதற்கு நேரமாகும் என்பதாலேயே அது பல இடங்களில் கைவிடப்படுவது வருத்தத்திற்குரியது.

குறைகள் தொடங்குவது உயர்வுடன் சேர்ந்து மாறும் கோணங்களைப் புறக்கணிக்கும்போது. திட அச்சு வாகனத்தை உயர்த்தினால் அச்சைத் தாங்கும் நீள்கைகள் கீழ்நோக்கிச் சாய்கின்றன. அதனால் ஸ்டீரிங்கைத் தானாக நேர்நிலைக்கு மீட்டுத்தரும் பின்சாய்வுக் கோணம் குறைகிறது. அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் குறுக்குத்தண்டின் சாய்வு கூடி, அச்சே உடலின் மையத்திலிருந்து ஒருபுறம் நகர்கிறது. இவற்றைச் சரிசெய்யாமல் விட்ட வாகனத்தின் முன்சக்கரங்கள், பாலத்தின் மீது மணிக்கு எண்பது கிலோமீட்டரில் செல்லும்போது ஒரு சிறு இணைப்புப்பள்ளத்தில் பட்டாலும் கட்டுக்கடங்காமல் உதறக்கூடும். முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் ஹைலக்ஸ் வகையில் சிக்கல் வேறு: சக்கரத்தை இயக்கும் தண்டின் மூட்டுகள் நிரந்தரமாக வளைந்த நிலையில் சுழன்று விரைவில் தேய்கின்றன, சக்கரம் கீழே தொங்குவதற்கு எஞ்சியிருந்த தூரமும் உயர்விலேயே செலவாகிவிடுவதால், பள்ளத்தில் அது தரையைத் தேடி இறங்க முடியாமல் அந்தரத்தில் சுழல்கிறது. காட்டுப் பாதைக்காகச் செய்த மாற்றம் காட்டுப் பாதையிலேயே பிடிப்பைக் குறைத்துவிடும் இந்த முரண், விற்பனைப் பேச்சில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை.

பினாங்கின் சரிவுகளுக்கே உரிய மற்றொரு குறை இறக்கத்தில் வெளிப்படுகிறது. டயரின் விட்டம் ஆறு விழுக்காடு கூடினால் கியர் விகிதம் அதே அளவு நீண்டுவிடுகிறது. வேக அளவி எண்பது காட்டும்போது வாகனம் உண்மையில் ஏறத்தாழ எண்பத்தைந்தில் ஓடும். அதைவிட முக்கியமாக, தாழ்விகிதக் கியரில் எஞ்சினே வாகனத்தைப் பிடித்து இறக்கும் வலு குறைந்து, அந்தச் சுமை பிரேக்குகள்மீது விழுகிறது. நனைந்த சிமெண்டுப் பாதையில், கொண்டையூசி வளைவுக்கு முன்னால், எடை கூடிய டயர்களுடனும் உயர்ந்த ஈர்ப்பு மையத்துடனும் இறங்குவோருக்கு இது சிறிய இழப்பன்று. அத்தகைய பாதையில் வயிறு தட்டும் மேடுகள் இல்லாததால், உயர்வினால் வரும் நன்மையோ ஏதுமில்லை.

இத்தனைக்கும் மாறாக, செலவே இல்லாத சீரமைப்பு ஒன்று உண்டு. அது டயரின் காற்றழுத்தத்தைக் குறைப்பது. சாலையில் 26 முதல் 30 பிஎஸ்ஐ வரை வைத்து ஓடும் இலகுவான வாகனத்தில் அதை 16 அல்லது 18க்கு இறக்கினால், டயர் நீளவாக்கில் பரந்து, வேரையும் பரலையும் தழுவிக்கொண்டு உருள்கிறது. ஈரச் செம்மண்ணில் பிடிப்பு கண்கூடாகக் கூடுகிறது. பாதையும் குறைவாகவே கிழிபடுகிறது. மிகவும் குறைத்தால் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும் என்பதும், சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் நிரப்பாவிட்டால் சூடேறிச் சிதையும் என்பதும் இதன் வரம்புகள். கையடக்கக் காற்றடிக்கும் கருவி ஒன்றும் நம்பகமான அழுத்த அளவியும் இருந்தால் இரண்டையும் சமாளிக்கலாம்.

இவ்வளவு எளிய வழி பின்தள்ளப்படுவதற்குக் காரணம் தோற்றத்தின் கவர்ச்சியே. மலேசியாவில் 1997 முதல் பருவமழைக் காலத்தில் நடைபெற்றுவரும் மழைக்காடு சவால் போட்டியின் வாகனங்கள், மார்பளவு சேற்றைக் கடப்பதற்காகவே மாபெரும் டயர்களும் வின்ச்சுகளும் பூண்டவை. அவற்றை ஓட்டுவோர் பின்னால் உதவிக்குழுவும் உதிரிபாகங்களும் உண்டு. அந்த உருவத்தை மட்டும் எடுத்து அன்றாட வாகனத்தின்மீது ஏற்றும்போது காரணம் பின்தங்கி உருவம் மட்டுமே வந்துசேர்கிறது. பதிவு விவரங்களை மாற்றும் அளவுக்குக் கட்டமைப்பைத் திருத்துவோர் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் பெற வேண்டிய கடமையும் அப்போது மறக்கப்படுகிறது. மண்ணின் பக்கமும் ஒன்று சொல்ல இருக்கிறது: ஆழ்ந்த பற்களுடைய சேற்று டயர் சரிவில் சுழன்றால் உண்டாகும் தடம், அடுத்த மழையில் நீரோடையாகி மண்ணை அரித்துக்கொண்டு இறங்கும். கொடிமலையை யுனெஸ்கோ 2021இல் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்ட பின்னர், அம்மலையின் சரிவுகளில் இதைச் சிறு பிழையாகக் கருத முடியாது.

எனவே பினாங்கில் வாகனத்தைச் சீரமைக்க எண்ணுவோர் முதலில் நல்ல டயர்களையும், அழுத்தக் கட்டுப்பாட்டையும், வாகனம் வழக்கமாகச் சுமக்கும் எடைக்குப் பொருந்திய ஸ்பிரிங்குகளையும், அவற்றுக்கு ஏற்ற அப்சார்பர்களையும் தேட வேண்டும். சக்கரத்தை முழுதாக மேலே அழுத்திப் பார்க்கும் இடைவெளிச் சோதனையைச் செய்துகாட்டாத பட்டறையை விட்டு விலக வேண்டும். அதன் பிறகும் தாம் உண்மையில் செல்லும் பாதையில் வயிறு தட்டுமானால் அப்போது நாற்பது மில்லிமீட்டர் உயர்த்துவதில் தவறில்லை; ஆனால் கோணங்களைத் திருத்துவதற்கான செலவையும் அன்றே ஒதுக்கிவிட வேண்டும்.