தூரிகை எழுத்தின் விளையாட்டும் வரம்பும்

எழுத்தின் உருவத்தை வகுப்பதில் எழுதுகருவிக்குப் பெரும் பங்குண்டு. உளி செதுக்கிய எழுத்து ஒருவகை. எழுத்தாணி கீறிய எழுத்து மற்றொருவகை. ஓலை கிழியுமென அஞ்சிப் புள்ளியை விட்டெழுதிய காலமும் உண்டு. 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, ‘ணை’, ‘லை’, ‘ளை’, ‘னை’ ஆகியவை துதிக்கை போன்ற பழைய கொம்பினை இழந்தன. எனினும் படிப்போர் தடுமாறவில்லை. உருவம் மாறினும் எழுத்துக்கு எழுத்து வேறுபாடு நிலைத்து நின்றதே அதற்குக் காரணமாகும்.

தூரிகை தந்தது நெகிழ்ச்சி. திரைப்பட விளம்பரங்களிலும் வார இதழ்களின் கதைத் தலைப்புகளிலும் ஓவியர்கள் எழுத்தை ஆடவும் சாயவும் விட்டனர். அவ்வழியில் வந்தவையே இன்றைய விளையாட்டு எழுத்துருக்கள். மும்பையின் ‘எக் டைப்’ நிறுவனத்தார் உருவாக்கிய ‘பலூ தம்பி’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. தடித்த உடல், மழுங்கிய முனை, உருண்ட சுழி ஆகியவை அதற்கொரு குழந்தைத்தன்மையைத் தருகின்றன. முதலில் ஒரே தடிப்பில் வந்த அது, பின்னர் ஐந்து தடிப்புகளில் வெளிவந்தது. தலைப்புக்கு அது பொருந்தும்; பத்திக்குப் பொருந்தாது. தடித்த எழுத்தைச் சிறிதாக்கினால் சுழிகள் அடைபடும்; ‘மணம்’ எது, ‘மனம்’ எது என்பது மயங்கும்.

குறை எழுத்துருவினுடையதன்று; அளவறியாது கையாள்வோருடையது. தமிழில் பொருளைத் தாங்கும் உறுப்புகள் மிகச் சிறியவை. ஒரு கீற்றே ‘எடு’ என்பதை ‘ஏடு’ ஆக்குகிறது. ஒரு புள்ளி நீங்கினால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். ரகரத்தின் அடிக்கோடு தேய்ந்தால் அது வெறுங்காலாகும். ழகரத்தின் கீழ்வளைவைத் தூரிகை விழுங்கினால் ‘பழம்’ பழமாக நில்லாது. எஞ்சிய இடங்களில் ஓவியன் விளையாடலாம். இவ்விடங்களில் அவன் அடங்கியே ஆகவேண்டும்.

அம்பாங்கில் இவ்வரம்புக்குத் தனிச்சிறப்புண்டு. இங்குக் கடைப்பலகைகளில் தேசியமொழியே முதன்மை பெறும். சீனமும் ஆங்கிலமும் அருகே நிற்கத் தமிழுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மூலையே. பெரிதாய்ப் பொறிக்கப்படவேண்டிய தடித்த எழுத்து அம்மூலையில் ஒடுங்கும்போது முதலில் மறைவன புள்ளியும் சுழியுமே. சென்னையில் ஒரு பலகை பிழைபட்டால் அடுத்த பலகை அதனைத் திருத்திவிடும். அம்பாங்கிலோ அடுத்த பலகையில் தமிழே இல்லாதிருக்கலாம். தமிழ்ப்பள்ளி விட்டு வீடு திரும்பும் சிறுவனுக்கு அந்த ஒற்றைப் பலகையே வகுப்பறைக்கு வெளியே உள்ள பாடநூல்.

ஆகவே, அழகெழுத்தைப் பழிப்பதும் வேண்டா. கண்மூடிப் போற்றுவதும் வேண்டா. ஆசிரியர்கள் இத்தகைய பலகைகளையும் சுவரொட்டிகளையும் மாணவர்முன் வைத்து, எக்கோடு அணி, எக்கோடு எழுத்து எனப் பிரித்தறியச் செய்தல் நன்று. அணியை நீக்கினாலும் எழுத்து எஞ்சவேண்டும். தூரிகை எழுத்தின் தரத்தை அளப்பதற்குரிய அளவுகோல் இதுவே.