தேதி தவறாத காமிக்ஸ்

ஹோவர்ட் டெய்லரின் 'ஷ்லாக் மெர்சினரி' 2000 ஜூன் 12 முதல் 2020 ஜூலை 24 வரை ஒரு நாளும் தவறாமல் இணையத்தில் வெளிவந்தது. வெப்காமிக்ஸ் வாசகர்கள் அதைப் பற்றிப் பேசும்போது இந்தச் சாதனையைத்தான் முதலில் சொல்கிறார்கள். கதை பிறகுதான் வருகிறது. இந்த வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. தேதி தவறாமை ஒரு படைப்பின் தரத்துக்கு உதவலாம். அதையே தரமாக எண்ணிப் போற்றுவதுதான் தவறு.

செய்தித்தாளுக்கு வரைந்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. சார்லஸ் ஷுல்ஸ் 1950 முதல் 2000 வரை 'பீனட்ஸ்' வரைந்தார். தாளில் அவருக்கான இடம் தினமும் நிரம்பியாக வேண்டும். இணையத்தில் அப்படிக் காத்திருக்கும் காலியிடம் கிடையாது. ஆனாலும் 1997-இல் 'ஸ்லக்கி ஃப்ரீலான்ஸ்' தொடங்கிய பீட் ஏப்ரம்ஸ் போன்ற முன்னோடிகள் அதே தினசரிக் கெடுவைத் தாங்களே தலையில் ஏற்றிக்கொண்டார்கள். விளம்பர வருமானம் வாசகர் வருகையை நம்பியிருந்தது. வருகை பழக்கத்தை நம்பியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி என்ற வழக்கம் பரவியதும் இதனால்தான்.

இந்தக் கெடுவால் விளைந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஜெஃப் ஜாக்கஸின் 'குவெஸ்சனபிள் கன்டென்ட்' 2003-இல் தொடங்கியது. அதன் முதல் பக்கங்களையும் சில ஆண்டுகள் கழித்து வந்தவற்றையும் அருகருகே வைத்தால், ஒரே கை வரைந்தது என்று நம்பக் கடினமாயிருக்கும். டாம் சிடெல் 2005-இல் 'கன்னர்க்ரிக் கோர்ட்' தொடங்கி, வேறு வேலை பார்த்துக்கொண்டே வரைந்து, 2012-இல்தான் முழுநேரப் படைப்பாளியானார். கெடு இல்லையென்றால் முதல் அத்தியாயத்தையே திருத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும் ஆபத்து எல்லோருக்கும் உண்டு. குறையுள்ள பக்கத்தை வெளியிட்டுவிட்டு அடுத்ததற்கு நகரும் துணிச்சலை வேறெந்தப் பயிற்சியும் இவ்வளவு வேகமாகத் தராது. தொடக்க ஆண்டுகளில் கெடுவை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வது நல்லதே.

எல்லா வடிவமும் அதைத் தாங்குமா? ரயன் நார்த்தின் 'டைனோசர் காமிக்ஸ்' 2003 முதல் அதே படங்களை வைத்துக்கொண்டு உரையாடலை மட்டும் மாற்றுகிறது. ராண்டல் மன்ரோவின் 'எக்ஸ்கேசிடி' குச்சி மனிதர்களால் ஆனது. அந்த எளிமை மிச்சப்படுத்திய உழைப்பு எங்கே போனது என்பதற்கு 2013-இல் அதில் வந்த 'டைம்' என்ற பதிவு சான்று. 3,000-க்கும் மேற்பட்ட படங்கள், நான்கு மாதம், சிறுகச் சிறுக. வழக்கமான வாரப் பதிவுகளும் கூடவே வந்தன. அடுத்த ஆண்டு அதற்கு ஹியூகோ விருது கிடைத்தது. இங்கே வடிவமும் கெடுவும் ஒன்றையொன்று அறிந்து அமைந்திருக்கின்றன.

நீண்ட தொடர்கதையில் அந்தப் பொருத்தம் குலைகிறது. ஒவ்வொரு பக்கமும் தனியாக வெளியாவதால் கடைசிக் கட்டத்தில் ஒரு திருப்பமோ சிரிப்போ வைத்தாக வேண்டிய கட்டாயம் வருகிறது. தொகுத்துப் படிக்கும்போது அதே உத்தி திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டுகிறது. ரிச் பர்லூவின் 'தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' பல ஆண்டுகளாக நிலையான தேதி இல்லாமலேயே வருகிறது. வாசகர் ஓடிவிட்டார்களா? 2012-இல் பழைய தொகுதிகளை மறுபதிப்பிட அவர் கிக்ஸ்டார்ட்டரில் நிதி கேட்டபோது ஏறத்தாழ 15,000 பேர் 12.5 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்தார்கள். அதே ஆண்டு கையில் அடிபட்டு அவர் வரைய முடியாமல் போனபோதும் அவர்கள் காத்திருந்தார்கள். தேதி தவறினால் வாசகர் போய்விடுவார் என்ற அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை. 2013-இல் பேட்ரியான் வந்தபின், வருகைக் கணக்கை நம்பாமல் வாசகரின் நேரடி ஆதரவில் வாழவும் வழி பிறந்தது.

கொரிய வெப்டூன் துறை எதிர்த்திசையில் போனது. முழுவண்ணத்தில், கீழ்நோக்கி நீளும் ஓர் அத்தியாயம், வாரந்தோறும். 'டவர் ஆஃப் காட்' படைப்பாளி எஸ்ஐயு உடல்நலம் கெட்டு 2020-இல் தொடரை ஏறத்தாழ ஓராண்டு நிறுத்த நேர்ந்தது. 'சோலோ லெவலிங்' ஓவியர் ஜாங் சங்-ராக் 2022 ஜூலையில் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். அவருக்கு ஏற்கெனவே நாள்பட்ட நோய் இருந்தது. தொடரும் முந்தைய ஆண்டே முடிந்திருந்தது. ஆகவே அந்த மரணத்தை வேலைச்சுமையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. ஆனால் அதையொட்டி வெப்டூன் ஓவியர்களின் பணிச்சூழல் பற்றிக் கொரியாவில் எழுந்த விவாதம் முற்றிலும் நியாயமானது. ஏப்ரம்ஸும் ஜாக்கஸும் ஏற்ற கெடுவை அவர்களே தளர்த்திக்கொள்ள முடியும். வெப்டூன் தளத்தின் ஒப்பந்தத்தில் கட்டுண்ட ஓவியருக்கு அந்த உரிமை எளிதில் வாய்ப்பதில்லை.

ஆக, வாரக் கெடுவை ஓவியரின் கையிலிருந்து பறித்துத் தளத்தின் கையில் வைக்கும் முறையை நான் நிராகரிக்கிறேன், அதில் சிறந்த தொடர்கள் வந்திருந்தாலும். அத்தியாயத்தின் நீளத்தைக் குறைப்பதும், ஆண்டுதோறும் வருமானம் வெட்டப்படாத இடைவெளி தருவதும் அந்தத் தளங்கள் செய்யவேண்டிய முதல் வேலை.