எண்ணும் எழுத்தும்: மூணு நிலை, ஒரு டீச்சர்

இந்தத் திட்டத்தைத் திட்டினால் எதிர்க்கட்சி, பாராட்டினால் ஆளுங்கட்சி என்று முத்திரை குத்திவிடுவார்கள். அதனால் கட்சியை விட்டுவிட்டு வகுப்பறைக் கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கிறேன்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் எண்ணும் எழுத்தும். 2025க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் வரவேண்டும் என்பது இலக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று மூணு நிலை. மூன்றாம் வகுப்புப் பையனுக்கு எழுத்துக் கூட்ட வரலைன்னா அவன் அரும்பு. அவனுக்கு அதற்கான பயிற்சி நூல்.

யோசனை சரியானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வயதைப் பார்க்காமல் தெரிந்ததிலிருந்து ஆரம்பிப்பது பலன் தரும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2000களின் தொடக்கத்தில் மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் அமைப்பு நடத்திய பால்சகி திட்டத்தில், பின்தங்கிய பிள்ளைகளை அந்தப் பகுதிப் பெண் ஒருவர் தினமும் சுமார் ரெண்டு மணி நேரம் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மதிப்பெண் உயர்ந்தது. பிறகு ஹரியானாவில் அரசு ஆசிரியர்களே செய்தபோதும் மொழியில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அங்கே இதற்கென்றே தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள்.

நம்ம ஊர் விஷயம் இங்கேதான் இடிக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு ரெண்டு ஆசிரியர். ஒருவர் 1, 2, 3ஐ எடுத்துக்கொண்டால், தமிழ், ஆங்கிலம், கணக்கு என மூணு பாடம், ஒவ்வொன்றிலும் மூணு நிலை. ஒன்பது குழு! தமிழில் மலராக இருக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் அரும்பாக இருக்கலாம். இதற்கு மேல் வளரறி மதிப்பீட்டைக் கைபேசிச் செயலியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டியிருந்தது. சிக்னல் இல்லாத ஊரில் டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், உள்ளே ஒன்பது குழுவும் ஒரே குழுவாகிவிடும். ஆன்லைன் மதிப்பீடு வேண்டாம் என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்டதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

இன்னொரு குறை, புத்தகம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலை (ரிஷிவேலியில் பிறந்த முறை அது) நினைத்துப் பாருங்கள். அட்டைகளும் ஏணிப்படியும் இருந்தன. பிள்ளை தன் அட்டையைத் தானே எடுக்கும், முடித்தால் அடுத்த படி. அதிலும் கோளாறு நிறைய: அட்டை கிழிந்தால் புது அட்டை வராது, பல இடங்களில் வெறும் சடங்காகிப்போனது. ஆனால் வேகம் பிள்ளையின் கையில் இருந்தது. பயிற்சி நூல் அப்படி இல்லை, அது பருவத்தோடு நகர்கிறது. நவம்பரில் அரும்பிலிருந்து மொட்டுக்குத் தாவும் பிள்ளை மொட்டு நூலை எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது? முதல் பருவத்துப் பாடத்தை யார் சொல்லித்தருவார்? நிலையை மாற்றினால் வேலை கூடும் என்பதால் பிள்ளை வருடம் முழுக்க அரும்பாகவே இருந்துவிடும் ஆபத்து இருக்கிறது. பேர் அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனா யார் அரும்புன்னு வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

எனக்குப் புரியாத ஒன்று. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாய்க்கு அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள் சாயங்காலம் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். பால்சகி என்பது கிட்டத்தட்ட அதேதான், பள்ளி நேரத்துக்குள் நடந்தது என்பதுதான் வித்தியாசம். ஈராசிரியர் பள்ளிகளுக்கு மட்டுமாவது அவர்களில் ஒருவரைக் காலையில் ஒரு மணி நேரம், கௌரவமான சம்பளத்தோடு, அரும்புப் பிள்ளைகளுக்காகக் கூப்பிட்டிருக்கலாம். அந்தச் செயலியை அப்புறம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.